சுளைக்குள் எவ்வளவு சர்க்கரை?

சித்திரை பிறந்துவிட்டால் போதும், புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரத்துச் செம்மண் ஊர்களில் பலா வாசனை தெருவுக்கே வந்துவிடும். வடகாடு, மாங்காடு, அணவயல், புள்ளான்விடுதி என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் கொல்லையிலும் வரப்பிலும் பலா நிற்கிறது. 2017-இல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்தால் நாடறிந்த நெடுவாசலும் இந்தப் பலாக் காட்டைச் சேர்ந்ததுதான். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இங்கே தென்னையோடு சேர்த்துப் பல தலைமுறை கண்ட பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. தப்பிய மரங்களும், பிறகு நட்டு வளர்த்தவையும் இன்றும் சித்திரை தொடங்கி ஆடி வரை காய்த்துத் தள்ளுகின்றன. கமிஷன் கடைகளில் குவியும் பழங்கள் லாரி ஏறி வெளியூர்களுக்குப் போகின்றன.

பழம் அறுப்பது இங்கே தனி வேலை. முள் விரிந்திருக்கிறதா என்று பார்த்து, விரலால் தட்டி ஓசை கேட்டு, காம்போரம் முகர்ந்து, பழுத்ததை உறுதிசெய்கிறார்கள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் பால் பிசுக்கு நாள் முழுக்கப் போகாது. குறுக்கே பிளந்து, நடுத்தண்டைச் சீவி எறிந்து, பால் வடிவதைத் துணியால் ஒற்றியெடுத்து, பிறகு சடையை விலக்கி விலக்கிச் சுளை சுளையாகப் பிரித்தெடுத்து முறத்தில் வைக்கிறார்கள். முறம் நிறைவதற்குள் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். சுகர் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பார் ஒருவர். அது இயற்கைச் சர்க்கரை, அடுப்பில் ஏறாதது, எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது என்பார் இன்னொருவர்.

இரண்டாவது கருத்துக்கு இப்போது செல்வாக்கு கூடியிருக்கிறது. சமைக்காத உணவு, பழ உணவு, அடுப்பில்லாச் சமையல் என்று பல பெயர்களில் பேசப்படும் வாழ்க்கைமுறை, சர்க்கரை நோய்க்கு அஞ்சும் நடுத்தர வயதினரைக் கவர்ந்திழுக்கிறது. அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருக்கிறது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். அப்படியிருக்க, பழத்தின் இனிப்பு நல்லதா கெட்டதா என்ற கேள்வி பலா விளையும் ஊரில் வெறும் திண்ணைப் பேச்சாக நின்றுவிட முடியாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வேளாண்துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பழுத்த பலாச்சுளையில் 19 கிராம் சர்க்கரை இருக்கிறது. சுளையின் பருமனைப் பொறுத்து 100 கிராம் என்பது மூன்று முதல் ஐந்து சுளை. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டிச் சீனி. அதே 100 கிராமுக்கு மாம்பழத்தில் 14 கிராம், வாழைப்பழத்தில் 12, கொய்யாவில் 9, பப்பாளியில் 8, தர்பூசணியில் 6. முக்கனிகளில் சர்க்கரை கூடியது பலாதான்.

இந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? காயாக இருக்கும்போது பலாவும் வாழையும் மாவுச்சத்தைத்தான் சேர்த்து வைத்திருக்கின்றன. பச்சை வாழைக்காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாவு. பழுத்து மஞ்சளானதும் அது 1, 2 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. பழுக்கும்போது சுரக்கும் நொதிகள் மாவின் நீண்ட சங்கிலியை வெட்டி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் என்று மாற்றிவிடுகின்றன. சுக்ரோஸ் என்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த இரட்டை. ரேஷன் கடையில் வாங்கும் சீனியும் அதே சுக்ரோஸ்தான். கரும்பிலிருந்து வந்ததா, பலாவிலிருந்து வந்ததா என்று குடலுக்குத் தெரியாது. மூலக்கூறில் இயற்கை, செயற்கை என்ற பிரிவே கிடையாது.

அப்படியானால் பழமும் சீனியும் ஒன்றா? இல்லை. சர்க்கரை எதற்குள் அடைபட்டு வருகிறது, எவ்வளவு வேகத்தில் ரத்தத்துக்குள் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1977-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த சிறிய சோதனை ஒன்றை இன்றும் சத்துணவு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். உடல்நலமுள்ள 10 பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவத்தில் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, கூழாக, சாறாக. மூன்றிலும் கார்போஹைட்ரேட் அளவு ஒன்றே, 60 கிராம். முழு ஆப்பிளை மென்று தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கில் சாற்றைக் குடித்து முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வு பழத்துக்கு அதிகம், கூழுக்குக் குறைவு, சாற்றுக்கு எல்லாவற்றையும் விடக் குறைவு. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. அதன் விளைவாக, ஏறிய சர்க்கரை பிறகு தொடங்கிய இடத்துக்கும் கீழே சரிந்தது. முழுப் பழம் தின்றபோது அந்தச் சரிவு இல்லை. ஒரே பழம், ஒரே சர்க்கரை. நார்ச்சத்தின் கட்டு குலையக் குலைய உடம்பு அதை வேறு மாதிரி எதிர்கொண்டது.

ஃப்ரக்டோஸுக்கும் இது பொருந்தும். குளுக்கோஸை உடம்பின் எல்லாத் திசுக்களும் எரிக்கும். ஃப்ரக்டோஸைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலின் தலையில் விழுகிறது. மென்று தின்னும் பழத்திலிருந்து சிறுகச் சிறுக வந்தால் கல்லீரல் சமாளித்துவிடும். குளிர்பானமாக, ஜூஸாக ஒரே மூச்சில் வந்து, அதுவும் நாள் தவறாமல் வந்தால், மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அன்றாடம் உடம்புக்குச் சேரும் ஆற்றலில் 10 சதவீதத்துக்கு மேல் ‘தனித்த சர்க்கரை’யிலிருந்து வரக் கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது அது. 5 சதவீதம் என்பது ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்கு வரும். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் பழச்சாற்றைச் சேர்த்திருக்கிறார்கள். தேனையும் சேர்த்திருக்கிறார்கள். இயற்கை உணவுப் பந்தியில் சீனிக்குப் பதிலாகத் தாராளமாக ஊற்றப்படும் தேன் 100 கிராமில் 82 கிராம் சர்க்கரை. அதைக் கட்டிப்போட நார்ச்சத்து என்று சொல்லும்படி எதுவும் அதில் இல்லை.

முழுப் பழம் சர்க்கரை நோயை வரவழைக்கிறதா என்பதையும் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. நாள்தோறும் பழம் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, தின்னாதவர்களைவிட 12 சதவீதம் குறைவாக இருந்தது. டென்மார்க்கில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 63 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பழம் குறைக்கச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரை நாளுக்கு இரண்டு பழமாவது தின்னச் சொன்னார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2013-இல் வெளிவந்தது இது. அதே ஆண்டில் வந்த ஹார்வர்டு ஆய்வு, முழுப் பழம் அதிகம் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் வந்ததைக் காட்டியது.

ஆக, சர்க்கரை நோயாளி பழத்தின் பக்கமே போகக் கூடாது என்ற பேச்சுக்குச் சான்று இல்லை. இந்த ஆய்வுகளில் தின்றவை அளவான பழங்கள், அதுவும் மற்ற உணவோடு. பழத்தை மட்டுமே தின்று வாழ்வது முற்றிலும் வேறு சங்கதி.

தமிழ்நாட்டில் அந்தப் பாதைக்கு ஒரு மரபு உண்டு. தென்காசி மாவட்டத்தின் சிவசைலத்தில் மூ. இராமகிருஷ்ணன் நடத்திய நல்வாழ்வு ஆசிரமம், தேங்காயையும் பழத்தையும் முதன்மையாக வைத்த இயற்கை உணவைத் தமிழர்களிடையே பரப்பியது. அதற்கும் வெகு முன்பே காந்தியடிகள் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார். ஜோகன்னஸ்பர்க் அருகே 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களும் தங்கியிருந்த இடத்தில், அவரும் நண்பர் காலன்பாக்கும் பாலை விட்டார்கள், பிறகு சமைத்த உணவையும் விட்டார்கள். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். இவைதான் அன்றாட உணவு என்று சுயசரிதையில் எழுதுகிறார். பழ உணவு என்று பெயரே தவிர, புரதத்துக்குக் கடலையும் கொழுப்புக்கு எண்ணெயும் அதில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். 1929-இல் முளைகட்டிய தானியத்தோடு மறுபடி சமைக்காத உணவை முயன்றபோது உடம்பு தளர்ந்தது. சில மாதங்களில் நிறுத்திவிட்டார். நிறுத்தியதையும் தன் இதழிலேயே வாசகர்களுக்குத் தெரிவித்தார்.

பழம் மட்டுமே என்றால் என்ன ஆகும் என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பலாச்சுளையிலிருந்தே எடுப்பதென்றால் 2 கிலோ 100 கிராம் சுளை தின்ன வேண்டும். அதில் சேரும் சர்க்கரை 400 கிராம். கிடைக்கும் புரதமோ 36 கிராம். வாழைப்பழத்திலிருந்து எடுத்தால் 2 கிலோவுக்கு மேல் பழம், 275 கிராம் சர்க்கரை, 25 கிராமுக்கும் குறைவான புரதம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் புரதம் ஏறத்தாழ 50 கிராம். நரம்புக்கும் ரத்த உற்பத்திக்கும் தேவையான பி12 வைட்டமின் எந்தப் பழத்திலும் இல்லை.

ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீண்ட காலமாகச் சமைக்காத உணவையே உண்டுவந்த 500-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். பலர் வேண்டிய எடைக்கும் கீழே இருந்தார்கள். 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியோ முற்றிலும் நின்றோ போயிருந்தது. அதே ஊரின் பல் மருத்துவ ஆய்வு, இப்படி உண்டவர்களுக்குப் பற்சிப்பி அரிப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டது. நாளெல்லாம் பழம் தின்றால் பல்லின் மேல் அமிலமும் நாளெல்லாம் பட்டுக்கொண்டிருக்கும்.

பழம் என்பதாலேயே எந்த நிலையிலும் தீங்கில்லை என்று நம்ப முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே துயரமான சான்று உண்டு. பீகாரின் முசாஃபர்பூர் பகுதியில் லிச்சி காய்க்கும் மாதங்களில் குழந்தைகள் வலிப்பு வந்து இறந்தார்கள். 2014-இல் மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் பிழைக்கவில்லை. லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின் என்ற பொருள், உடம்பு தானே சர்க்கரை தயாரித்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடுகிறது. பகலெல்லாம் லிச்சி தின்று, இரவில் சோறில்லாமல் படுத்த குழந்தைகளின் ரத்தத்தில் சர்க்கரை விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போனது. ஆய்வாளர்கள் சொன்ன தீர்வுகளில் முதன்மையானது, குழந்தைக்கு இரவுச் சாப்பாடு தவறக் கூடாது என்பது. பலாவுக்கு அந்த நஞ்சு இல்லை. ஆனாலும் ஒரு பழம் தட்டின் மற்ற உணவுகளின் இடத்தை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதை முசாஃபர்பூர் மிகக் கடுமையாக உணர்த்தியது.

புதுக்கோட்டைப் பக்கத்து மண் இதை எப்போதோ அறிந்திருந்தது. பொன்னமராவதிக்கு அருகே, இன்று சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் இருக்கும் பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு மலை என்கிறார்கள். அந்த மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உழாமலே நான்கு விளைச்சல் உள்ள மலையைப் பட்டினி போட முடியாது என்று கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகைக்கால உணவுப் பட்டியலில்கூடப் பலா தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் தானியமும் கிழங்கும் இருந்தன.

பலாவைப் பச்சையாக மட்டும் தின்று தீர்க்கவும் முடியாது. சுளை பச்சையாக இனிக்கும். உள்ளே இருக்கும் கொட்டைக்கு அடுப்பு தேவை. வேகாத பலாக்கொட்டையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. சூட்டில் அவை செயலிழக்கின்றன. அதனால்தான் சுட்டோ, அவித்தோ, சாம்பாரில் போட்டோ தின்கிறோம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையிலிருந்து வரும் கருவாட்டோடு கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் சேர்ந்த குழம்பு, சுளையில் இல்லாத புரதத்தையும் பி12-ஐயும் தட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சைவர்களுக்கு வழி இன்னும் பக்கத்தில். பலாவுக்குப் பெயர்போன இதே ஆலங்குடிப் பகுதியில்தான் வம்பன் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது. வம்பன் உளுந்து ரகங்கள் தமிழ்நாடு முழுக்க வயல்களில் விளைகின்றன. உளுந்தங்களியும் பச்சைப்பயறுச் சுண்டலும் பழத்தோடு சேரும்போது தட்டு நேராகிறது. பி12-க்குப் பாலோ மோரோ கூட வேண்டும்.

நடைமுறையில் எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குப் பழம் 100 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம். பலா என்றால் நான்கு சுளை. கொய்யா என்றால் நடுத்தர அளவில் ஒன்று. நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல் கிடைக்கும். நம் வீடுகளில் நேரும் தவறு, இந்தச் சுளைகளை எப்போது தின்கிறோம் என்பதில் இருக்கிறது. மூக்கு முட்டச் சோறு தின்ற கையோடு முறத்தை இழுத்து வைத்துக்கொள்கிறோம். இந்தியர்களின் உணவு ஆற்றலில் 62 சதவீதம் ஏற்கெனவே கார்போஹைட்ரேட்டிலிருந்துதான் வருகிறது என்று 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதன் மேல் பத்துச் சுளை ஏறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பழியைப் பழம் சுமக்கும். சோற்றை ஒரு கரண்டி குறைத்துக்கொண்டோ, மாலை நாலு மணிக்கு வடை, பஜ்ஜிக்குப் பதிலாகவோ தின்றால் அதே சுளை வேறு கணக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் தின்னும் முன் ஒரு தரமும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தரமும் பார்த்துக்கொண்டால், தம் உடம்புக்கு எத்தனை சுளை ஒத்துவரும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பழ உணவுக்கு மாறுகிறேன் என்று மாத்திரையையோ இன்சுலினையோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் சர்க்கரையைவிடப் பொட்டாசியம் கவலை. 100 கிராம் பலாவில் அது 450 மில்லிகிராம் வரை இருப்பதால் அவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உலர்ந்த பேரீச்சையும் திராட்சையும் தண்ணீர் வற்றிய பழங்கள். 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்றோடு நிறுத்துவது நல்லது.

ஆலங்குடி வட்டார விவசாயிகள் பலாவுக்கு ஒரு மதிப்புக்கூட்டுத் தொழிற்சாலை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அப்படி ஒன்று வரும்போது அதில் என்ன தயாராகிறது என்பது இந்த மாவட்டத்தின் உடல்நலத்தையும் தொடும். ஜூஸும் ஜாமும் அல்வாவும் என்றால், சுளைக்குள் கட்டுப்பட்டிருந்த சர்க்கரை அவிழ்ந்து, சீனியும் சேர்ந்து பாட்டிலுக்குள் போகும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகள் 40 பேரிடம் நடந்த சோதனை 2021-இல் வெளிவந்தது. அரிசிக்கும் கோதுமைக்கும் பதிலாக நாளுக்கு 30 கிராம் பலாக்காய் மாவை 12 வாரம் உண்டவர்களுக்கு ஹெச்பிஏ1சி குறைந்தது. சிறிய சோதனைதான், பெரிய அளவில் மறுபடி செய்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் சர்க்கரையாக மாறும் முன்பே காயை அறுத்து, உலர்த்தி, அரைக்கிற அந்த வேலைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மகளிர் குழுக்களே செய்யலாம். பழம் குவிந்து விலை சரியும் ஆனி, ஆடி மாதங்களில் மரத்தடியில் விழுந்து அழுகும் காய்களுக்கு அப்போது ஒரு விலையும் கிடைக்கும்.